பதினோரு பேர் நின்ற சுவர்

அமாபிள் வெசேருக்குப் பதக்கம் கொடுக்கப்போகிறார்கள் என்ற கடிதம் வந்த அன்று, அவர் வீட்டுக்குப் பின்னால் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னலைத் திறந்து மனைவி லுசெத் கத்தினாள்.

“ஏய்யா, என் சக்களத்தி வீட்டுலேருந்து கடுதாசி வந்திருக்கு. வந்து படி.”

சக்களத்தி என்று அவள் சொன்னது, ரியோம் நகரின் நடுவில் நானூற்றெண்பது வருஷமாக நிற்கும் சூப்ரெல் மாளிகையை. ஊரில் அதை ‘ஓத்தெல் சூப்ரெல்’ என்பார்கள். வாசல் பலகையைப் படித்துவிட்டு வருஷத்துக்கு இரண்டு வெளியூர்க்காரர்களாவது பெட்டியோடு நுழைந்து அறை காலியா என்று கேட்பது வழக்கம். பிரபுக்கள் குடியிருந்த வீடு, ஐயா, தங்குகிற ஓட்டல் ரயிலடியில் இருக்கிறது என்று அமாபிள்தான் வழி காட்டி அனுப்புவார். அந்த வீட்டில் எப்போது போனாலும் அவர் இருப்பார். லுசெத் சக்களத்தி என்று சொன்னதில் தப்பில்லை.

கடிதத்தில் இப்படி இருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு மாளிகையின் பின்கட்டை இடிக்காமல் காப்பாற்றியவர், அன்றிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரும் பார்வையாளர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர், சூப்ரெல்லின் காவலர், கொத்தனார் அமாபிள் வெசேர் அவர்களுக்குச் ‘சூப்ரெல் நண்பர்கள் சங்க’த்தின் முதல் பதக்கம். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, பழைய வீடுகளை எல்லாம் ஊருக்குத் திறந்துவிடும் நாளில், முதல் மாடிப் பெரிய கூடத்தில் விழா.

“எனக்கு வேண்டாம்,” என்றார் அமாபிள்.

“ஏன் வேண்டாம்? கல்யாணத்துக்கு வாங்கின கோட்டு இன்னும் கழுத்து வரைக்கும் ஏறும். வயிறுதான் ஏறாது, பொத்தானப் போடாம விட்டுக்கோ.”

“பீன்ஸ் முத்திப்போச்சு,” என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்விட்டார். மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் என்று லுசெத் அன்று சாயங்காலமே நாலு வீட்டில் சொன்னாள்.

அது அடக்கமில்லை, வெட்கம். அந்த மாளிகையில் நடந்த பெரிய நாசத்தைச் செய்தது எந்தக் கை என்று ஊருக்குத் தெரியாது. பதக்கத்தை வாங்கச் சொல்லி இப்போது அந்தக் கையைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

அமாபிள் ரியோமிலேயே பிறந்தவர். அப்பா புகையிலை ஆலையில் மூட்டை கட்டினார். புனித அமாபிள்தான் ஊரின் காவல் புனிதர், பாம்பையும் நெருப்பையும் விரட்டுவார் என்பது நம்பிக்கை. அந்தப் பெயரை அவருக்கு வைத்தார்கள். புனிதர் பாம்பை விரட்டினார், இந்தாளு பூரானைக் கண்டாலே நாற்காலி மேல ஏறுவார் என்பது லுசெத்தின் பழைய கிண்டல். பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதினார் என்று வாத்தியார் அந்தக் கையை முதுகோடு சேர்த்துக் கட்டிவைத்தார். அதனால் எழுத்து வலது கைக்கு மாறியது. மற்ற எல்லாமே இடது கைதான்: ரொட்டி அறுப்பது, கரண்டி பிடிப்பது, சுத்தியல் அடிப்பது. பதினாறு வயதில் கொத்து வேலைக்குப் போனார். இருபத்திரண்டு வயதில் தெலார்பர் என்கிற மேஸ்திரியிடம் நல்ல கொத்தனார் என்று பெயர் எடுத்திருந்தார்.

அது 1972. அந்த வருஷத்து அமாபிளை ‘அவன்’ என்றே சொல்லிவிடுகிறேன். தன்னைப் பற்றி நினைக்கும்போது அவரும் அப்படித்தான் நினைப்பார்.

பல் மருத்துவர் ஒருவர் சூப்ரெல் மாளிகையின் முதல் மாடியை வாங்கி வாடகைக்கு விடுகிற மாதிரி மாற்றச் சொன்னார். மேஸ்திரி தெலார்பர் தன் ஆட்களோடு வந்து இறங்கினார். ஒரு வீட்டின் கதையைப் புத்தகத்தில் படிப்பது ஒரு வகை. சுவரில் உளி வைத்து ஒவ்வொரு பூச்சாக உரித்துப் படிப்பது வேறு. அமாபிள் இரண்டாவது வகை. அவன் உரித்து உரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் பின்னால் பெரிய படிப்புப் படித்தவர்களும் வந்து சரி என்றார்கள்.

முதல் சூப்ரெல் ஒரு நீதிபதி. ரியோமில் தடுக்கி விழுந்தால் நீதிபதி மேல்தான் விழ வேண்டும், அப்படிப்பட்ட ஊர். அவர் கட்டியது ஒடுங்கின வீடு. கறுப்பு எரிமலைக் கல்லில் ஜன்னல் சட்டங்கள், சுழன்று ஏறுகிற படிக்கோபுரம், மேலே ஒரு பெரிய கூடம். கொள்ளுப்பேரன் காலத்தில் காசு கொடுத்துப் பிரபு பட்டம் வாங்கினார்கள். பட்டம் வந்ததும் வாசல் உறுத்தியது. விருந்தாளிகள் சந்துச் சேற்றில் கால் வைத்து இறங்குவதாவது! பக்கத்தில் மூன்று வீடுகளை வாங்கி இடித்து, வண்டி நுழைகிற பெரிய வாயிலும் முற்றமும் கட்டினார்கள். இன்னும் நூறு வருஷம் போனதும் அவர்கள் பிள்ளைகளுக்குச் சுழல்படி பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. அகலப் படிக்கட்டு வந்தது, இரும்புக் கைப்பிடி வந்தது, முகப்பில் ஐந்து உயரமான ஜன்னல்கள் வந்தன. அந்த ஐந்தில் ஒன்று பொய் ஜன்னல், பின்னால் வெறும் சுவர். வரிசை கெடக் கூடாது என்பதற்காகக் கண்ணாடியும் திரையும் வைத்து ஏமாற்றியிருந்தார்கள். பெரிய கூடத்துச் சுவர்களில் இருந்த பழைய ஓவியங்கள் கண்ணில் படாதபடி மரப்பலகை அடித்து வெள்ளை பூசினார்கள். அப்புறம் புரட்சி. வீடு கைமாறியது. பதினாலு குடித்தனம் வந்து சேர்ந்தது. யாரோ மரப்பலகையைக் கழற்றி விற்றார்கள், வேறு யாரோ மரச்சட்டம் அடித்து ஜிப்சம் பூசிக் காகிதம் ஒட்டினார்கள். கூடத்தை மூன்றாகத் தடுத்துக் கதவு போட்டார்கள்.

ஒவ்வொரு தலைமுறையும் தன் தாத்தா ரசனையை நினைத்துக் கூச்சப்பட்டு அதன் மேல் எதையாவது போட்டு மூடியது. மூடியதோடு விட்டதால் அடியில் இருந்தது பிழைத்துக் கிடந்தது.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அமாபிளும் அதெரீத்து என்கிற போர்ச்சுக்கல்காரரும் ஜிப்சத்தைச் சட்டத்தோடு பெயர்த்துத் தள்ளினார்கள். தூசி அடங்கியதும் சுவரில் ஆட்கள் நின்றார்கள். ஆளுயர உருவங்கள், வரிசையாக, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. அதெரீத்து தொப்பியைக் கழற்றினார்.

காலை ஒன்பதரை, தின்கிற நேரம். தெலார்பர் கையில் கத்தியும் பன்றித் தொத்திறைச்சியுமாக மேலே வந்தார். மென்றுகொண்டே கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். ஆனால் வேலை முடிய வேண்டிய தேதி அவர் தலைக்கு மேல் நின்றது.

“அரசாங்க ஆளுங்க காதுல விழுந்துச்சுன்னா ரெண்டு வருஷம் வேலை நிக்கும்,” என்றார். “நீங்க எதையும் பார்க்கல. நானும் பார்க்கல. சிமென்ட் பிடிக்கணும், நல்லா கொத்தி விடுங்கடா.”

வழவழப்பான சுவரில் புதுப் பூச்சு நிற்காது. அதனால் அம்மி கொத்துகிற மாதிரி சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குழியாகக் கொத்திவிட்டுத்தான் பூசுவார்கள். கொத்தனாருக்கு அது அரிச்சுவடி.

அதெரீத்து சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டார். “நான் கொத்த மாட்டேன், மேஸ்திரி. அதோ அந்தம்மா எங்கம்மா மாதிரியே இருக்காங்க.”

“உங்கம்மா போர்ச்சுக்கல்ல இருக்காங்க. இது சுவரு.”

“தெரியும். இருந்தாலும் மாட்டேன்.”

தெலார்பர் அமாபிள் பக்கம் திரும்பினார். “நீ?”

அந்த ஒரு எழுத்தைத்தான் ஐம்பது வருஷம் அமாபிள் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தார். மாட்டேன் என்று சொல்லலாம் என்பதைப் பக்கத்திலேயே ஒருவர் செய்து காட்டியிருந்தார். அடி விழப்போவதில்லை. அதெரீத்துவுக்கு நடந்தது இவ்வளவுதான், மறுநாள் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஆனால் அமாபிளுக்கு அந்த நிமிஷம் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அதெரீத்து ஊரறிந்த வேலைக்காரர். அவர் செய்யாததை நான் செய்கிறேன் பார் என்கிற சந்தோஷம். அதை நினைத்தால்தான் பின்னால் அவருக்கு முகம் சுட்டது.

“நான் கொத்தறேன்,” என்றான்.

மூன்று நாள் கொத்தினான். இரண்டு விரற்கடைக்கு ஒரு குழி. மூலை முடுக்கு விடவில்லை. மேலே கூரையை ஒட்டி, சாதாரண ஆள் சோம்பல்பட்டு விட்டுவிடுகிற ஒரு சாண் இடத்தைக்கூடச் சாரத்தின் மேல் ஸ்டூல் போட்டு ஏறிக் கொத்தினான். தெலார்பர் மற்ற ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார். “இதுதான்டா கொத்து. பார்த்துக் கத்துக்கோங்க.” வெள்ளிக்கிழமை சிமென்ட் பூசி மட்டப்பலகை இழுத்தார்கள். சுவர் சாம்பல் நிறத்தில் சமமாக, யாருக்கும் எதுவும் சொல்லாத சுவராக ஆனது.

அதன்பிறகு கல்யாணம், இரண்டு பெண்கள், சொந்தமாகத் தொழில். பதினைந்து வருஷம் அந்தத் தெரு வழியாகவே போகாமல் சுற்றிப் போனார். 1997-இல் மாளிகையை வாங்கிய ஒருவர் பின்கட்டை இடித்துக் கார் நிறுத்துமிடம் கட்டப் பார்த்தபோது, இடிக்கிற இயந்திரத்துக்கு முன்னால் சாந்துத் தள்ளுவண்டியைக் குறுக்கே போட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டார். பத்திரிகையில் படம் வந்தது. ஊர் திரண்டது. பின்கட்டு தப்பியது. எதற்காக இப்படி உயிரைக் கொடுத்தீர்கள் என்று நிருபர் கேட்டதற்கு, “வீடு பாவம்,” என்று மட்டும் சொன்னார். அதைப் பெரிய எழுத்தில் போட்டார்கள்.

அதிலிருந்து சங்கம், சுற்றிக்காட்டல், சுண்ணாம்பின் பெருமை. பழைய சுவரில் சிமென்ட் பூசுகிறவனைக் கண்டால் நடுத்தெருவில் நிறுத்திச் சண்டை போடுவார். ஜனங்களைக் கூட்டிக்கொண்டு பெரிய கூடத்துக்கு வந்தால் மட்டும் நடை வேகமாகும். “இங்க ஒண்ணுமில்ல, வாங்க வாங்க, அடுத்ததா பொய் ஜன்னலைக் காட்டறேன்,” என்று தள்ளிக்கொண்டு போய்விடுவார். பொய் ஜன்னலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கால் மணி நேரம் பேசுவார். மக்கள் சிரிப்பார்கள்.

சிமென்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. பழைய சுவரின் ஈரத்தை வெளியே விடாது. ஐம்பது வருஷம் அடக்கி வைத்திருந்து, போன குளிர்காலத்தில் பெரிய கூடத்துச் சுவர் உப்பியது. சங்கத் தலைவி ஒதீல், மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர், ஆட்களை வைத்துச் சிமென்ட்டை மெதுவாகப் பெயர்க்கச் சொன்னார். அடியில் ஆயிரக்கணக்கில் குழிகள். குழிக்கும் குழிக்கும் நடுவே பொட்டுப் பொட்டாகப் பச்சை, காவி, மஞ்சள்.

ஏப்ரலில் மாயெல் வந்தாள். பிரெத்தாஞ் மாகாணத்துப் பெண், முப்பத்திநாலு வயது, பழைய சுவரோவியங்களைச் சரிசெய்கிறவள். விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்தாள். சங்கத்தார் எல்லோரும் பின்னால் நின்றார்கள், அமாபிளும் நின்றார்.

“இதைச் செஞ்ச ஆளு கொஞ்சம் சோம்பேறியா இருந்திருக்கக் கூடாதா!” என்றாள் கடைசியில். “நான் இந்த மாதிரி சுவர் பத்துப் பன்னெண்டு பார்த்திருக்கேன். எப்பவும் ஒரு மூலை தப்பும். ஒரு முகம், ஒரு கால். டீ குடிக்கப் போயிருப்பாங்க, கை வலிச்சிருக்கும். இவன் ஒண்ணையும் விடல. நல்ல வேலைக்காரன். அதான் வினையே.”

எல்லோரும் சிரித்தார்கள். அமாபிளும் சேர்ந்து சிரித்தார்.

“அது மட்டுமில்ல,” என்றாள் மாயெல், “குழி எல்லாம் சாய்ஞ்சிருக்கிற பக்கத்தைப் பாருங்க. இடது கைக்காரன்.”

“ஆள் யாருன்னு கண்டுபிடிக்கலாமா?” என்று கேட்டார் ஒதீல். “என்ன படம் இருந்ததுன்னு சொல்ல ஒருத்தராவது இருந்தா எவ்வளவு நல்லாருக்கும். வெசேர், அப்ப இங்க யாரு வேலை பார்த்தாங்க, உங்களுக்குத் தெரியுமா?”

“தெலார்பர் ஆளுங்க,” என்றார் அமாபிள். “எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க.”

“எல்லாருமேவா?” என்றாள் மாயெல்.

“எல்லாரும்.”

தெலார்பர் செத்தது உண்மை. அதெரீத்து செத்ததும் உண்மை, அடக்கத்துக்கு அமாபிளே போயிருந்தார். சுவரைக் கண்ட மூன்றாவது ஆளை, தன்னையே, அன்று அவர் வாயாலேயே புதைத்தார்.

மாயெல் கோடை முழுக்கச் சாரத்தில் இருந்தாள். வண்ணப் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் தாளில் குறித்து, உருவங்களின் வெளிக்கோட்டை எடுத்தாள். பதினோரு பேர். நான்கு பெண்கள், ஐந்து ஆண்கள், இரண்டு குழந்தைகள். முகம் இருக்க வேண்டிய இடமெல்லாம் குழி. அமாபிள் தினமும் போய் வாளி தூக்கிக் கொடுத்தார், சல்லடை பிடித்தார். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் அவள் சுண்ணாம்புச் சாந்தைத் தண்ணீர் அதிகமாகக் குழைத்துவிட்டாள். சுவரில் வைத்தது வழிந்தது.

“அய்யய்யோ, அம்மணி, இப்படியா, குடுங்க இங்க,” என்று கரண்டியைப் பிடுங்கி, கெட்டியாகக் குழைத்து, மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றிச் சுவரில் அப்பினார். அழகாக உட்கார்ந்தது. அதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத் திரும்பினார்.

மாயெல் சாந்தைப் பார்க்கவில்லை. அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

“நன்றி, வெசேர் ஐயா,” என்றாள். அவ்வளவுதான்.

மூன்று வாரம் அவள் எதுவும் கேட்கவில்லை. காலை வணக்கம் சொன்னாள், காபி ஊற்றிக் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் அவர் திருப்பித் திட்டியிருப்பார், அழுதிருப்பார், ஏதோ ஒன்று நடந்திருக்கும். அவளுடைய மரியாதைதான் மனுஷனைத் தின்றது. வீட்டில் லுசெத் கோட்டை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பெரிய மகள் லியோனிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வருவதாக டிக்கெட் எடுத்துவிட்டாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, அமாபிள் ஒதீல் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. ஒதீலுக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்ன வெசேர் இது, இதையா இத்தனை வருஷம் சுமந்தீங்க? அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் பண்ணாங்க. உங்களுக்கு வயசு இருபத்திரண்டு. மேஸ்திரி சொன்னாரு, நீங்க செஞ்சீங்க. அதுக்கு ஈடா எவ்வளவு பண்ணிட்டீங்க!” அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். “சொன்னா தப்பா நினைக்காதீங்க. இதைச் சனிக்கிழமை மேடையில சொல்லலாமா? ஜனங்க உருகிப்போயிடுவாங்க.”

மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி அமாபிள் தெருவில் நடந்தார். இவ்வளவுதானா? இதற்கா இத்தனை பாடு? அந்த ஜோரிலேயே மாளிகைக்குப் போய், ஒரே மூச்சில் படியேறி, சாரத்துக்குக் கீழே நின்றார். “அம்மணி, அந்த இடது கைக்காரன் நான்தான்.”

மாயெல் மேலேயிருந்து இறங்கி வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“தெரியும், ஐயா. நீங்களா வந்து சொல்வீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். எனக்குப் பேர் வேண்டாம். அதுல எனக்கு ஒரு வேலையும் இல்ல.” ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள். எதிரே முக்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. நல்ல சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவள் மாதிரி ஒரு ஆவல்தான் இருந்தது. “சொல்லுங்க. இடது ஓரத்துலேருந்து ஆரம்பிக்கலாம். முதல் ஆள், ஆம்பளை. தாடி இருந்துச்சா?”

அமாபிள் வாயைத் திறந்தார்.

“இருந்துச்சு,” என்றார். பிறகு, “இருந்திருக்கும்.”

“பரவாயில்ல, யோசிங்க. அடுத்தது ஒரு பெண். கையில என்னவோ பிடிச்சிருக்கா. புத்தகமா, பூவா?”

“பூ... இல்ல.”

“சரி. அப்புறம் அந்தப் பெரிய உருவம், நடுவுல நிக்கற அம்மா. உடுப்பு என்ன கலர்?”

“நீலம்,” என்றார் அமாபிள் உடனே. அது மட்டும் அவருக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகக் கண்ணை மூடினால் வருகிற நீலம்.

மாயெல் எழுதவில்லை. எழுந்துபோய்ப் பழைய குடித்தனக் கதவின் சட்டத்தைக் காட்டினாள். அன்று காலைதான் அதைக் கழற்றியிருந்தாள். சட்டத்துக்குப் பின்னால் ஒரு கையகல இடம், சுத்தியல் எட்டாத இடம். அதில் ஒரு சட்டைக்கையும் மடிப்பும் நேற்றுத் தீட்டியது போல இருந்தன. பச்சை. கரும்பச்சை, ஓரத்தில் மஞ்சள் கோடு.

“அந்தம்மாவோட கை இது,” என்றாள்.

அமாபிள் நெடுநேரம் அந்தப் பச்சையைப் பார்த்தார். அதை அவர் இதற்கு முன் பார்த்ததே இல்லை. மூன்று நாள் அந்தப் பெண்ணுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றிருக்கிறார். குழிக்கும் குழிக்கும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். சுத்தியல் நழுவாமல் பார்த்திருக்கிறார். அதெரீத்துவுக்கு அம்மா ஞாபகம் வந்தது. அவருக்கு வந்தது மேஸ்திரி ஞாபகம்.

“உங்களுக்கு நாற்பத்தேழு வயசுல பேப்பர்ல படம் வந்துச்சு இல்ல?” மாயெல் மெதுவாகக் கேட்டாள். அவள் குற்றம் சாட்டவில்லை, கணக்குத்தான் போட்டுப் பார்த்தாள். “அப்ப யாராவது வந்து உட்கார்ந்து கேட்டிருந்தா, ஏதாவது ஞாபகம் வந்திருக்குமா?”

“வந்திருக்கும்.”

“கூட வேலை செஞ்சவங்க யாராவது பார்த்தாங்களா?”

“அதெரீத்து பார்த்தான். நல்லா பார்த்தான். செத்து ஒன்பது வருஷம் ஆகுது. அவன்கிட்ட கேளுங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நானும் மாட்டுவேனே.”

மாயெல் பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள். அந்த நோட்டு மூடிய சத்தம் கேட்டபோதுதான் அமாபிளுக்கு முழுசாகப் புரிந்தது. அந்தப் பதினோரு பேரையும் சுத்தியல் பாதிதான் அழித்திருந்தது. பார்த்தவர்கள் இரண்டு பேர் உயிரோடு இருந்தவரை மிச்சம் இருந்தது. மிச்சத்தை அழித்தது அவருடைய வெட்கம்.

அன்று சாயங்காலம் லுசெத்திடம் சொன்னார். அவள் கோட்டை மடித்து அலமாரியில் வைத்தாள். “அந்த வீட்டு மேல உனக்கு ஆசைன்னு நினைச்சேன்யா,” என்றாள். அதற்குமேல் அவள் சக்களத்தி என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை.

பதக்கம் வேண்டாம் என்று ஒதீலிடம் தீர்மானமாகச் சொன்னார். மேடையிலும் பேச மாட்டேன், உருக வைக்க என்னால் ஆகாது என்றார். ஒதீலுக்கு வருத்தம். பதக்கத்தைச் சங்கத்தின் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

சனிக்கிழமை வழக்கம்போல ஜனங்கள் வந்தார்கள். அமாபிள் வேலைச் சட்டையோடு வந்து அவர்களை முற்றத்தில் கூட்டிக்கொண்டார். படிக்கோபுரம் காட்டினார். வண்டி வாயில் காட்டினார். பெரிய கூடத்துக்கு வந்ததும் நின்றார். இந்த முறை யாரையும் தள்ளிக்கொண்டு போகவில்லை.

குழி விழுந்த சுவரின் முன்னால் ஒரு பெண்மணி நின்றுவிட்டாள். கூட வந்த சிறுமியைத் தூக்கிக் காட்டினாள். “ஆளுங்க மாதிரி தெரியுது பாரு.” பிறகு அமாபிள் பக்கம் திரும்பினாள். “இதுல என்ன படம் இருந்துச்சுங்க?”

“தெரியாதும்மா.”

“அழிக்கறதுக்கு முன்னாடி பார்த்தவங்க யாருமே இல்லையா?”

“கடைசியா முன்னாடி நின்னவன் நான்தான்,” என்றார் அமாபிள். “கொத்தினதும் நான்தான். மூணு நாள் நின்னேன்மா. பார்க்கல.”

யாரும் சிரிக்கவில்லை, கை தட்டவில்லை. பெண்மணி சிறுமியைக் கீழே இறக்கிவிட்டாள். அடுத்த அறைக்குப் போகலாமா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அமாபிள் சுவர் பக்கம் திரும்பி நின்றார். கூட்டம் தானாகவே பொய் ஜன்னலைத் தேடிக்கொண்டு போனது.